கீமோவுக்கும் தடுப்பூசிக்கும் நடுவில் ஒரு கவ்வாத்துக் கணக்கு

"புள்ளைக்கு ஸ்கூல்ல போட்டாங்களே, அந்த ஊசிய எனக்கும் போட்டா என்ன தம்பி?"

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லயத்து (வரிசை வீட்டு) அக்கா போன மாதம் என்னிடம் இப்படிக் கேட்டார். அவருக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். முதலில் கரண்ட் பிடித்தார்கள், அதாவது கதிர்ச் சிகிச்சை. ஒன்றரை வருஷம் நன்றாக இருந்தார், அப்புறம் நோய் திரும்பி வந்தது. இப்போது மூன்று கிழமைக்கு ஒரு தடவை, விடிவதற்கு முன்னமே ஹட்டனில் பஸ் ஏறிக் கண்டிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறார். அவருடைய சின்ன மகளுக்கு ஆறாம் தரத்தில் படிக்கும்போது பள்ளிக்கூடத்திலேயே எச்.பி.வி. ஊசி போட்டார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றை உண்டாக்கும் வைரஸைத் தடுக்கும் ஊசி. அது எந்த நோய்க்கான ஊசி என்பது அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கேட்டார்.

சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை இது. கீமோ ஏற்றிக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசியையும் சேர்த்துப் போட்டால் என்ன என்று பல நாட்டு ஆய்வாளர்கள் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கைக்கு வந்திருக்கும் பதில் 'ஆம்' என்றும் முடியவில்லை, 'இல்லை' என்றும் முடியவில்லை. 'எப்போது?' என்ற இடத்தில் வந்து நிற்கிறது.

முதலில் மகளின் ஊசி. இலங்கையில் 2017 முதல் ஆறாம் தரத்து மாணவிகளுக்குப் போடுகிறார்கள், இரண்டு தடவை. எச்.பி.வி. வைரஸின் வெளி ஓடு எப்படியிருக்கும் என்பதை உடம்புக்குக் காட்டி, அதற்கெதிரான பிறபொருளெதிரிகளை முன்கூட்டியே செய்து வைக்கும் ஊசி அது. வைரஸ் வந்தால் வாசலிலேயே மடக்கிவிடலாம். ஆனால் வைரஸ் உள்ளே நுழைந்து, வருஷக்கணக்கில் தங்கி, கலத்தையே புற்றாக மாற்றிவிட்ட பிறகு அந்த வெளி ஓடு அங்கே இருக்காது. புற்றுக் கலம் தன்னிடம் வைத்துக்கொள்வது ஈ6, ஈ7 என்ற இரண்டு வைரஸ் புரதங்களைத்தான். அவை இருப்பது கலத்துக்கு உள்ளே. பிறபொருளெதிரி அங்கே போகாது. ஆகவே மகளுக்குப் போட்ட ஊசியை அம்மாவுக்குப் போட்டுப் பயனில்லை. அம்மாவுக்கு வேண்டியது வேறொரு ஊசி. ஈ6, ஈ7 துண்டுகளை அடையாளம் காட்டி, நோயெதிர்ப்பின் அடிக்கிற ஆட்களான டி கலங்களைக் கிளப்பி, அந்தப் புற்றுக் கலங்களைத் தேடிக் கொல்லச் சொல்லும் ஊசி. அதற்கும் பெயர் தடுப்பூசிதான். தடுப்பதற்கு இல்லாமல் வைத்தியத்துக்குப் போடும் ஒன்றுக்கு இந்தப் பெயர் அவ்வளவு பொருத்தமில்லை என்று எனக்குப் படுகிறது. வேறு நல்ல பெயர் இன்னும் ஒட்டவில்லை.

சரி, கீமோவுக்கு வருவோம். அக்காவின் கிளினிக் கொப்பியைப் புரட்டினால் ஒவ்வொரு தடவையும் இரத்தப் பரிசோதனை, வெள்ளை அணு எண்ணிக்கை. மருந்து ஏற்றிப் பத்துப் பதினாலு நாளில் அந்த எண்ணிக்கை அடிமட்டத்துக்கு விழும். அதற்குப் பிறகு மெதுவாக ஏறி மூன்றாவது கிழமையில் பழைய இடத்துக்கு வரும். பல கீமோ மருந்துகளை 21 நாளுக்கு ஒரு தடவை ஏற்றுவதன் கணக்கு இதுதான். எண்ணிக்கை ஏறாவிட்டால் "அடுத்த கிழமை வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். போன பஸ் காசு போனதுதான்.

இதைப் பார்க்கிற யாருக்கும் தோன்றுவது என்ன? கீமோ நோயெதிர்ப்பை அழிக்கிறது. தடுப்பூசிக்கோ நோயெதிர்ப்பு வேண்டும். இரண்டும் ஜென்மப் பகை. வைத்தியர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். தர்க்கத்தில் பிழையில்லை. பிழை வேறொரு இடத்தில் இருந்தது: நோயெதிர்ப்பை ஒரே பொருளாக எடுத்துக்கொண்டதில்.

பள்ளிக்கூடத்தில் நிர்ப்பீடனம் என்று படித்த அந்தத் தொகுதிக்குள் அடிக்கிற கலங்களும் உண்டு, அடியைத் தடுக்கிற கலங்களும் உண்டு. லயத்தில் சண்டை வந்தால் விலக்கிவிட ஒரு பெரியவர் இருப்பார் இல்லையா, அந்த மாதிரி. அவர் இல்லாவிட்டால் வாய்த் தகராறெல்லாம் வெட்டுக்குத்தில் போய் முடியும். உடம்பில் அந்த வேலையைச் செய்வது ஒழுங்குபடுத்தும் டி கலங்கள். அவை இல்லாவிட்டால் உடம்பு தன்னையே தாக்கத் தொடங்கிவிடும். இதைக் கண்டுபிடித்ததற்குத்தான் ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் கிடைத்தது. புற்றுநோய் செய்யும் தந்திரம், இந்தப் பெரியவரைத் தன் வீட்டு வாசலில் கொண்டுவந்து உட்கார வைத்துக்கொள்வது. அடிக்க வரும் கலங்களை அவர் "போங்கப்பா, இங்க ஒண்ணுமில்ல" என்று திருப்பி அனுப்பிவிடுவார். இவரோடு கூட்டாக, முழுதாக முதிராத ஒரு வகை வெள்ளை அணுக்களும் புற்று முற்றிய ஆட்களின் இரத்தத்தில் அளவுக்கு மிஞ்சிப் பெருகிக் கிடக்கும். டி கலங்களைத் தலையெடுக்க விடாமல் அமுக்குவது அவற்றின் வேலை. இந்தக் கூட்டம் இருக்கிறவரை எவ்வளவு நல்ல தடுப்பூசி போட்டாலும் பாறையில் விதைத்த மாதிரிதான்.

கீமோ மருந்துகள் சில, குறிப்பிட்ட அளவில், இந்தத் தடுக்கிற கூட்டத்தை அதிகமாகவும் அடிக்கிற கூட்டத்தைக் குறைவாகவும் தாக்குகின்றன. சைக்ளோபொஸ்பமைட் என்ற பழைய மருந்தைச் சிறிய அளவில் கொடுத்தால் ஒழுங்குபடுத்தும் டி கலங்கள் குறைகின்றன. ரொபர்ட் நோர்த் என்ற ஆய்வாளர் 1982இலேயே எலிகளில் காட்டிவிட்டார்: புற்றை எதிர்க்கப் பழகிய டி கலங்களைச் சும்மா செலுத்தினால் கட்டி கரையவில்லை, முதலில் சைக்ளோபொஸ்பமைட் கொடுத்துவிட்டுச் செலுத்தினால் கரைந்தது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்த நான் எடுப்பது கவ்வாத்தை. சில வருஷத்துக்கு ஒரு தடவை தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டிவிடுகிறோம். வெட்டின மலையைப் பார்த்தால் வயிறு எரியும். குச்சி குச்சியாக, இலையே இல்லாமல் நிற்கும். ஆனால் வெளிச்சம் தரைக்கு இறங்கும். கொஞ்ச நாளில் கண் விடும், தளிர் வரும். கீமோவுக்குப் பிறகு இரத்தத்தில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. கலங்கள் குறைந்து இடம் காலியாகும். அந்த இடத்தை நிரப்ப உடம்பு புதிய கலங்களை வேகமாக வளர்க்கும். அந்த நேரத்தில் தடுப்பூசி ஓர் அடையாளத்தைக் காட்டினால், அந்த அடையாளத்தைத் தேடும் டி கலங்களுக்குக் காலி இடத்தில் பெரிய பங்கு கிடைக்கும்.

ஆனால் கவ்வாத்து செய்த மலையில் தளிரோடு புல்லும் வருமே. வெளிச்சம் இரண்டுக்கும் பொது. ஒழுங்குபடுத்தும் டி கலங்களும் சில கிழமைகளில் திரும்பி வந்துவிடும். ஊசியைச் சீக்கிரம் போட்டால் அதைக் கேட்பதற்குக் கலமே இருக்காது, பிந்திப் போட்டால் இடம் பறிபோயிருக்கும். இன்னொன்றும் உண்டு. வெட்டுவதற்கு முன்னால் வேரைக் கொஞ்சம் எடுத்து அயடின் போட்டு மாச்சத்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வேரில் சேமிப்பு இல்லாத செடியை வெட்டினால் அது தளிர்க்காது, பட்டுப்போகும். அக்காவின் கொப்பியில் உள்ள இரத்தக் கணக்கு அந்த அயடின் சோதனைக்குச் சமம்.

கீமோ செய்யும் இரண்டாவது உதவி புற்றுக் கலம் சாகும் விதத்தில் இருக்கிறது. உடம்பில் தினமும் எத்தனையோ கலங்கள் சத்தமில்லாமல் சாகின்றன. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் டொக்ஸோரூபிசின் போன்ற மருந்துகளால் சாகும் புற்றுக் கலம் ஊரைக் கூட்டிவிட்டுச் சாகிறது. பாரிஸில் கைடோ குரோமர், லோரன்ஸ் சிற்வோகல் ஆகியோரின் குழுக்கள் 2005 தொடக்கம் இதைப் படிப்படியாக வெளிக்கொண்டு வந்தார்கள். உள்ளே இருக்கவேண்டிய கல்ரெட்டிகுலின் என்ற புரதம் சாகும் கலத்தின் வெளிப்புறத்துக்கு வந்து நின்று 'என்னைத் தின்னு' என்று சொல்கிறது. கலத்துக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. என்ற பொருள் கசிந்து, துப்புரவு செய்யும் கலங்களை அந்தப் பக்கம் இழுக்கிறது. எச்.எம்.ஜி.பி.1 என்ற இன்னொரு புரதம் வெளியேறி அபாய மணி அடிக்கிறது. தின்ன வருவது டென்ட்ரிட்டிக் கலம். அது தின்றதை அப்படியே விழுங்கிவிட்டு உட்காராது. துண்டு துண்டாக்கி, நிணநீர் முடிச்சுக்கு எடுத்துப் போய், டி கலங்களுக்கு 'இதோ பார், இதுதான் ஆள்' என்று காட்டும். எல்லா மருந்துக்கும் இந்தக் குணம் இல்லை. ஒக்ஸாலிபிளாட்டினுக்கு உண்டு, அதன் சொந்தக்காரனான சிஸ்பிளாட்டினுக்கு அவ்வளவாக இல்லை. ஒரே குடும்பத்து மருந்துகளிலேயே இந்த வித்தியாசம்.

டென்ட்ரிட்டிக் கலத்தைக் கண்டுபிடித்தவர் ரல்ஃப் ஸ்டைன்மன். அவர் கதையை இங்கே சொல்லாமல் போனால் மனசு கேட்காது. 2007இல் அவருக்கே கணையப் புற்று வந்தது. வழக்கமான கீமோவோடு, தன்னுடைய டென்ட்ரிட்டிக் கலங்களையே எடுத்துத் தயாரித்த பரிசோதனைத் தடுப்பூசிகளையும் போட்டுக்கொண்டார். அந்தப் புற்று வந்தவர்களில் அதிகம் பேர் ஒரு வருஷம் தாண்டுவதே பெரிய காரியம். இவர் நாலரை வருஷம் இருந்தார். 2011 செப்டெம்பர் 30இல் இறந்தார். மூன்று நாள் கழித்து நோபல் அறிவிப்பு வந்தது. அவர் இறந்தது குழுவுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் பரிசை மாற்றவில்லை. ஊசியால்தான் நாலரை வருஷம் கிடைத்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. அவர் ஒரே ஓர் ஆள். ஒப்பிட இன்னொரு ஸ்டைன்மன் கிடையாது.

அக்காவின் நோய்க்கு மிகக் கிட்டிய ஆய்வு நெதர்லாந்தின் லெய்டனில் நடந்தது. கருப்பைக் கழுத்துப் புற்று முற்றியவர்களுக்கு அங்கேயும் கார்போபிளாட்டின், பக்லிடக்ஸல் என்ற, அக்காவுக்கு ஏற்றும் அதே சோடி மருந்துதான், அதே மூன்று கிழமைக் கணக்குதான். ஒவ்வொரு தடவையும் இரத்தத்தை எடுத்து எந்தக் கலம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணினார்கள். நான் சொன்ன அந்த முதிராத, அமுக்குகிற அணுக்கள் நோயாளிகளிடம் அளவுக்கு மிஞ்சி இருந்தன. இரண்டாவது தடவை மருந்து ஏற்றிய பிறகு அவை சாதாரண அளவுக்கு இறங்கின. டி கலங்கள் பெரிதாக அடிவாங்காமல் இருந்தன. அப்படியானால் இரண்டாவது கீமோவுக்குப் பிறகு இரண்டு கிழமை, மூன்றாவதுக்கு இன்னும் ஒரு கிழமை: அந்த இடைவெளிதான் கதவு திறந்திருக்கும் நேரம். அந்த நேரத்தில் ஈ6, ஈ7இன் நீளமான புரதத் துண்டுகளால் செய்த ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். டி கலங்கள் பலமாகக் கிளம்பின, அடுத்தடுத்த கீமோவிலும் அடங்கவில்லை. 2016இல் இது வெளிவந்தது. பிறகு 77 நோயாளிகளோடு செய்த ஆய்வு 2020இல் வந்தது. ஊசிக்குப் பலமாக எதிர்வினை காட்டியவர்கள் மற்றவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்தார்கள்.

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். ஊசி போடாத தனிக் குழு ஒன்று அந்த ஆய்வில் இல்லை. உடம்பில் ஏற்கெனவே தெம்பு உள்ளவர்கள் ஊசிக்கும் நன்றாக எதிர்வினை காட்டுவார்கள், நீண்ட நாளும் வாழ்வார்கள். ஊசி அதற்குக் காரணமாக இருக்கவேண்டியதில்லை. இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கப் பெரிய ஒப்பீட்டு ஆய்வு வேண்டும்.

அளவு பற்றிய பாடம் இதற்கும் முந்தியது. அமெரிக்காவில் மார்பகப் புற்றுள்ள 28 பேரிடம் ஓர் ஆய்வு செய்து 2009இல் வெளியிட்டார்கள். முதல் நாள் சைக்ளோபொஸ்பமைட், அடுத்த நாள் தடுப்பூசி, ஏழு நாள் கழித்து டொக்ஸோரூபிசின் என்று ஒழுங்கு. சைக்ளோபொஸ்பமைட்டை உடல் பரப்பின் சதுர மீற்றருக்கு 200 மில்லிகிராம் கொடுத்தபோது தடுப்பூசி நன்றாக வேலை செய்தது. அதற்கு மேலே போனபோது எதிர்ப்பு அமுங்கிப்போனது. மார்பகப் புற்றுக்கு வழக்கமாக ஏற்றும் அளவு 600 அளவில் இருக்கும். ஆக, கட்டியைக் கொல்ல ஏற்றும் அளவும் நோயெதிர்ப்பைத் தட்டியெழுப்பக் கொடுக்கும் அளவும் ஒன்று இல்லை. நம் ஆட்களிடம் 'பவர் கூடின மருந்து' என்றால் ஒரு மரியாதை உண்டே, அதெல்லாம் இங்கே செல்லாது.

தோற்ற கதைகளும் நிறைய. பிரித்தானியாவில் கணையப் புற்றுள்ள 1062 பேரை வைத்து, கீமோவோடு டெலோமரேஸ் என்ற புரதத்துக்கு எதிரான தடுப்பூசியைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2014இல் முடிவு வந்தது: ஆயுள் கூடவில்லை. சிறுநீரகப் புற்றுக்கான ஐ.எம்.ஏ.901 தடுப்பூசி, முன்னால் ஒரு சிறு அளவு சைக்ளோபொஸ்பமைட்டோடு 2012இல் நல்ல நம்பிக்கை தந்தது. 339 பேரைக் கொண்ட பெரிய ஆய்வில், வேறொரு மாத்திரையோடு சேர்த்துப் போட்டபோது பலனில்லை. எலியில் நடந்தது மனிதரில் நடக்காதது ஒரு காரணம். நோய் முற்றிய பிறகே ஊசி போடுவது இன்னொன்று. வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்கக் கீமோவோடு கொடுக்கும் டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீரொய்ட்டும் நோயெதிர்ப்பை அமுக்கக்கூடியது. அதைப் பற்றி அதிகம் பேசக் காணோம்.

கியூபாவின் கதை எனக்குப் பிடிக்கும், பணக்கார நாடு இல்லை என்பதால். சிமாவாக்ஸ் என்ற ஊசியை நுரையீரல் புற்றுக்கு ஹவானாவில் செய்தார்கள். அது புற்றை நேரடியாகத் தாக்காது. புற்றுக்குத் தீனியாகும் ஒரு வளர்ச்சிக் காரணிக்கு எதிராகப் பிறபொருளெதிரிகளை உண்டாக்கும். கீமோ முடிந்த பிறகு, முதல் ஊசிக்கு மூன்று நாள் முன்னால் சிறு அளவு சைக்ளோபொஸ்பமைட் கொடுத்துவிட்டுப் போடுவது அவர்கள் முறை. கிடைத்த பலன் மாதக் கணக்கில்தான், வருஷக் கணக்கில் இல்லை. ஆனாலும் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஒரு புற்றுநோய் நிலையம் அதை வாங்கிச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு அது போனது.

கடைசியாக வந்திருப்பது ஒழுங்கையே தலைகீழாக்கிய ஆய்வு. நியூயோர்க்கில் கணையப் புற்றை வெட்டியெடுத்த 16 பேருக்கு, அவரவர் கட்டியில் உள்ள மரபணு மாற்றங்களைப் படித்து, ஆளுக்கு ஓர் எம்.ஆர்.என்.ஏ. ஊசி தயாரித்தார்கள். முதலில் சத்திரசிகிச்சை, அப்புறம் நோயெதிர்ப்பின் தடையை நீக்கும் ஒரு மருந்து, அப்புறம் ஊசிகள், அதற்கும் பிறகுதான் கீமோ. 16 பேரில் 8 பேருக்கு டி கலங்கள் கிளம்பின. 2025இல், மூன்று வருஷத்துக்கும் மேல் பார்த்த பிறகு, அந்த 8 பேரில் 2 பேருக்குத்தான் நோய் திரும்பியிருந்தது. இடையில் ஏற்றிய கடுமையான கீமோ அந்த டி கலங்களைத் துடைத்தழிக்கவில்லை. ஒருதடவை நன்றாக வேர் பிடித்த செடி கவ்வாத்துக்குத் தாங்கும் என்று சொல்லலாம். 16 பேர் என்பது சின்னக் கணக்கு, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் நம் மலைக்கு எப்போது வரும்? எனக்குத் தெரிந்தவரை மஹரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ கண்டிக்கோ பதுளைக்கோ போய்க் கேட்டு வாங்கும் ஊசியாக இதில் எதுவும் இன்று இல்லை. 2024 டிசம்பரில் ரஷ்யா புற்றுநோய்த் தடுப்பூசியை இலவசமாகக் கொடுக்கப்போவதாக அறிவித்ததும் நம் வட்ஸ்அப் குழுக்களில் "இனிக் கீமோ தேவையில்லை" என்று ஓடியது. அதை நம்பி யாராவது கிளினிக் திகதியைத் தவறவிட்டால் அந்த இழப்பை எந்த ஊசியாலும் ஈடுகட்ட முடியாது. மேலே சொன்ன ஆய்வுகள் பலவற்றில் தடுப்பூசி கீமோவின் தோளில் ஏறித்தான் வேலை செய்கிறது. கீமோவை விட்டுவிட்டு வா என்று எதுவும் சொல்லவில்லை.

நேரம் தவறுவது நமக்குப் பழகிய வியாதி. வாய்ப் புற்றையே பாருங்கள். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்று அது. வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்லும் பழக்கம் கொழுந்து மலையில் பெண்களுக்கும் உண்டு. வாய்க்குள் வெள்ளைத் திட்டு வந்து மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தாலும், ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடுமே என்று காட்டப் போவதில்லை. மஹரகமைக்குப் போக ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல தாண்டி, அவிசாவளையில் இறங்கி வேறு பஸ் பிடிக்கவேண்டும். இரண்டாவது கீமோவுக்குச் சரியாகப் பதினாலாம் நாள் ஊசி என்று வைத்தால், மண்சரிவில் பாதை மூடியிருக்கும் மழைக் காலத்தில் அதை எப்படிச் செய்வது என்று லெய்டன்காரர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். பிழை அவர்களுடையது இல்லை.

அக்காவுக்கு இதையெல்லாம் இப்படி நீட்டிச் சொல்லவில்லை. மகளின் ஊசி உங்களுக்கு உதவாது, உங்களுக்கு உதவக்கூடிய ஊசி இன்னும் சோதனையில் இருக்கிறது, இப்போதைக்குக் கண்டித் திகதியைத் தவறவிடாதீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் கொப்பியை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு கேட்டார்:

"சின்னவளுக்குப் போட்டாச்சு. மூத்தவ கட்டுநாயக்கவுல கார்மெண்ட்ல இருக்கா. இருபத்தஞ்சு வயசு. அவளுக்கு அந்த ஊசி போட்டிருப்பாங்களா?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். 2017க்கு முன்னாலேயே ஆறாம் தரத்தைத் தாண்டியவள். போட்டிருக்க மாட்டார்கள் என்றேன். இந்த வயதிலும் போடலாம், ஆனால் பிரைவேட்டில் காசு கொடுத்துத்தான் போடவேண்டியிருக்கும், டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னேன்.

"தீபாவளிக்கு வருவா," என்றார் அக்கா. "நீயும் கூட வாறியா தம்பி, கேக்க?"